கவுச்சி

தட்டை இந்தத் தடவை சுவரோரமாக வைக்காமல் சன்னலுக்குக் கீழே வைத்துப் பார்க்கலாம் என்று வினோலியாவுக்குத் தோன்றியது. இடம் மாறினால் மனது மாறாதா என்ன, அவளுக்கே அலுவலகத்தில் மேசை மாறிய அன்று கூடுதலாகப் பசித்திருக்கிறது. வைத்தாள். பிறகு குனிந்து ஒரு விரற்கடை நகர்த்தினாள். வெயில் படக்கூடாது, குளிர்சாதனக் காற்று நேராக அடித்துக் கறி காய்ந்துவிடவும் கூடாது, எட்டிப் பார்க்கிறபோது தட்டுக்குப் பின்னால் அவளுடைய முகம் தெரியவும் கூடாது, ஏனென்றால் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கும்தான் சாப்பாடு இறங்காது. கூண்டுக்குள் தொங்கிய துணித்தொட்டிலில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. எது எதனுடைய வால் என்று சொல்ல முடியாத தூக்கம். தூக்கினால் ஈரத்துணி மாதிரித் தொய்ந்து தொங்கும், முதல் வாரத்தில் அப்படித் தூக்கிப் பார்த்து, செத்தேபோய்விட்டன என்று அவள் அழுதிருக்கிறாள். ஃபெரெட் என்றால் இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. பூனைக்குட்டியை முழங்கை நீளத்துக்கு இழுத்துவிட்டு, காலைக் குட்டையாக்கி, முகத்தில் குறும்பை மட்டும் மீதி வைத்த மாதிரி ஒரு பிராணி. மின்தூக்கியில் எல்லாரும் "கீரி வளக்கறீங்களாமே" என்றுதான் கேட்பார்கள், அவளும் ஆமாங்க என்றுதான் சொல்லுவாள். இல்லைங்க என்று ஆரம்பித்தால் விளக்க வேண்டும், விளக்குவதற்கு மூன்றாவது மாடி வரைக்கும் பேச வேண்டும். இவை வந்ததும் அப்படித்தான். அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்த ஷியாம் சார் துபாய்க்குப் போகிறபோது, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்றார், சரிங்க என்றாள், கொஞ்ச நாள் அப்படியே நீண்டு, இனி இவை உன்னுடையவைதான் என்று ஒரு செய்தியும் இரண்டு சிரிக்கும் முகங்களுமாக முடிந்தது. அவர் வைத்திருந்த பெயர்கள் அம்மாவின் நாக்கில் நிற்கவில்லை. வெளுப்பாக இருந்ததை மக்ரூன் என்றாள், தூத்துக்குடி பேக்கரித் தட்டில் அடுக்கியிருக்கும் அந்த முந்திரி வெள்ளை. கரும்பழுப்பாக இருந்ததைக் கருப்பட்டி என்றாள். பிராணியே வேண்டாம் என்று வாசலில் நின்று வாதாடியவள்தான் அன்று சாயங்காலத்துக்குள் பெயரும் வைத்தாள்.

இன்றைக்குச் சாப்பிடும். அவளுக்கு அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, காலையிலிருந்தே, தேர்வு முடிவு வரப்போகிற நாளில் தோன்றுமே, அந்த மாதிரி. காரணமும் இருந்தது. காலையில் மக்ரூன் ஒரு கறித்துண்டை நக்கியது. ஒருமுறை இல்லை, நக்கிவிட்டு நிறுத்தி, யோசித்து, மறுபடி நக்கியது. யோசித்தது என்பதுதான் முக்கியம், யோசிப்பவர்கள் பாதி வழி வந்தவர்கள். அப்புறம் அது திரும்பிப்போய்ப் படுத்துவிட்டது, அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கருப்பட்டியைப் பற்றிக் கவலை இல்லை, அதற்கு உடம்பில் ஒன்றுமில்லை, மெதுவாக மாறிக்கொள்ளும். மக்ரூனுக்குத்தான் நேரம் இல்லை. ஓடிக்கொண்டே இருந்த பிள்ளை ஒரு காலையில் நடு அறையில் நின்றுவிட்டது. பின்னங்கால்கள் இரண்டும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி மடிந்தன, வாயோரம் நுரை, கண் சுவரைப் பார்த்தது, சுவரில் ஒன்றுமே இல்லை. மருத்துவர் ஈறில் தேனைத் தடவி எழுப்பினார். இரத்தத்தில் சர்க்கரை சரிந்து சரிந்து விழுகிறது என்றார், இவ்வளவு நாளும் தின்ற காய்ந்த தீனியில் இருக்கும் மாவு இதற்கு ஆகாது, இது முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. "பச்சைக் கறிக்கு மாத்துங்கம்மா. மருந்தும் தர்றேன், ஆனா தீனி மாறாம மருந்து மட்டும் ரொம்ப நாள் தாங்காது. மசாலா கிசாலா ஒண்ணும் கூடாது. மூக்குதான் இதுக்கு எல்லாம், மூக்கு ஒத்துக்கிட்டா வாய் ஒத்துக்கும். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம்னு மட்டும் நினைக்காதீங்க." பட்டினி போடவில்லை. தீனியைப் பொடித்துக் கறியில் தூவினாள், பொடியை நக்கிவிட்டுக் கறியை வைத்தது. கறியை அரைத்துத் தீனிக்குள் ஒளித்தாள், தீனியைத் தனியாகப் பொறுக்கிவிட்டு, அரைத்ததைத் தட்டுக்கு வெளியே தள்ளியது, நம் வீட்டுப் பிள்ளைகள் கறிவேப்பிலையைத் தள்ளுகிற மாதிரி. கடைசியில் மருத்துவர் ஓர் எண்ணைக் கொடுத்தார். ஏற்காட்டில் மேனகா என்று ஒருவர், வீட்டில் ஏழு ஃபெரெட்டுகள், எல்லாம் பச்சைக்கறி, மற்றது தின்பதைப் பார்த்துப் புதியதும் தின்னும், ஊரும் குளிர்ச்சி. மேனகாவின் குரல் நல்ல குரல், அதுதான் கஷ்டம். கெட்ட குரலாக இருந்திருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருப்பாள். "சனிக்கிழமை நாங்க சென்னைக்கு வர்றோம் வினோலியா, அப்படியே ரெண்டையும் கூட்டிட்டுப் போயிடறோம், பிரிக்க வேணாம். உங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டீங்க." சரிங்க என்றாள். வைத்த பிறகு வெகுநேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள்ளிருந்து அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துவிட முடியும் என்பது போல. இன்று சனிக்கிழமை. இருட்டுவதற்கு முன்னால் வருகிறார்கள். அதற்குள் மக்ரூன் சாப்பிட்டுவிட்டால், இங்கேயே இருக்கட்டுங்க என்று சொல்லிவிடலாம். சாப்பிடாவிட்டால் அப்படிச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை, ஆசைப்படுகிறோம் என்பதற்காகப் பிராணியை விழவிட முடியுமா. எனவே சாப்பிடும். சாப்பிட்டாக வேண்டும். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்தாள், மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு.

இன்றைக்குக் கறியும் நன்றாக அமைந்திருந்தது. கோழித் தொடைக்கறி, கொழுப்பில்லாத பகுதி, அவளே நின்று வாங்கியது, அதிலும் கடையில் நாலு ஆண்களுக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்தும் வாய் திறக்காமல் நின்று, கடைசியில் கடைக்காரரே "உங்களுக்கு என்னம்மா" என்று கேட்ட பிறகு. வந்ததும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்தாள். அலசினாள். அலசிய தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது, கொட்டிவிட்டு மறுபடி மஞ்சள், மறுபடி அலசல், உப்பின் சுவடு இருக்கக் கூடாது என்பதால் அதற்கு மேலும் அலசல், தண்ணீர் கண்ணாடியாக வருகிற வரைக்கும். கடைசியில் ஒரு துண்டை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள், ஒன்றுமே இல்லை, பச்சைத் தண்ணீர்தான். அந்த ஒன்றுமில்லாமையில் அவளுக்கு ஒரு திருப்தி. அம்மாகூட எட்டிப்பார்த்து, "கொளம்புக்குக்கூட நான் இம்புட்டுக் களுவ மாட்டேன், ஒங்க கீரிக்குக் கொடுத்துவச்சிருக்கு" என்றாள். கழுவுவதில் வினோலியாவை யாரும் மிஞ்ச முடியாது. பாளையங்கோட்டையில் கல்லூரி முதல் வருடம், மதியம் டிபன் பெட்டியைத் திறந்தாள், சாளை மீன் குழம்பு, அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பியது, பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் சன்னலைத் திறந்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருக்கும். அந்தச் சன்னல் திறந்த சத்தம் இன்றுவரைக்கும், கொக்கி இரும்பில் உரசுகிற சத்தம், எங்காவது யாராவது சன்னல் திறந்தால் வினோலியாவின் கை தானாக மூக்குக்குப் போய்வரும். அதன்பிறகு வெள்ளரியும் தயிரும்தான் கொண்டுபோனாள். சென்னையில் வீடு பார்த்த இடத்திலெல்லாம், கவுச்சி சமைப்பீங்களா என்று ஒரு கேள்வி, கேட்கிறபோதே மூக்கின் ஓரம் லேசாகச் சுருங்கும், கேட்பவர்களுக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும். எலுமிச்சைத் தோல், சோப்பு, காபித்தூள், எதைத் தேய்த்தால் எது போகும் என்று தனியாக ஒரு படிப்பே படித்திருக்கிறாள். அலுவலகத்தில் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லுவார்கள், வினோ பேசவே மாட்டா, வினோ எப்பவும் நீட்டா இருப்பா. இரண்டும் ஒன்றுதானோ என்று சில சமயம் நினைப்பாள், நினைத்து அதோடு விட்டுவிடுவாள். இருக்கிறாளா இல்லையா என்று அறைக்குத் தெரியக்கூடாது, வந்து போன தடம் காற்றில்கூட இருக்கக்கூடாது. மஞ்சள் பூத்த கறி தட்டில் பளபளத்தது. கல்யாண வீட்டு இலையில் ஓரமாக வைத்த இனிப்பு மாதிரி அழகாக இருந்தது. இதை ஏன் ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்லும், என்ன குறை இதில், எதை இன்னும் கழுவ.

தொட்டில் அசைந்தது. முதலில் ஒரு கொட்டாவி, முழு முகமும் வாயாகிவிடுகிற கொட்டாவி, பிறகு மக்ரூன் தலைகீழாக வழிந்து இறங்கி, கூண்டின் திறந்த கதவில் கொஞ்சம் நின்றது. பின்னங்கால் ஆடுகிறதா. ஆடவில்லை. லேசாக ஆடுகிறது. இல்லை, சோம்பல் முறிக்கிறது. பின்னாலேயே கருப்பட்டி விழுந்து எழுந்து, தரையில் கால் பட்டதும் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டது, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, கட்டில் காலில் முட்டி, அதையும் ஆட்டத்தின் ஒரு அடவாகச் சேர்த்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து க்ளக் க்ளக் என்று ஒரு சத்தம், குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது வருமே, அது. சந்தோஷம் வந்தால் இவை செய்கிற காரியம். யாருக்காகவும் இல்லை, எதற்காகவும் இல்லை. இவ்வளவு சந்தோஷத்தை உடம்பில் வைத்துக்கொள்ள முடியாமல் இப்படிச் சுவரில் மோதிக் கொட்டுவதைப் பார்க்கிறபோதெல்லாம் வினோலியாவுக்குத் தன் தோள்பட்டையும் லேசாக எழும்பும், கதவு சாத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் எழும்பும். மக்ரூன் தட்டை நோக்கி வந்தது. வந்தது. மூக்கு வேலை செய்தது, மீசை நடுங்கியது. அவள் மனசுக்குள் வா, வா என்று சொல்லவில்லை, சொன்னால் அதற்குக் கேட்டுவிடும் என்று வேறு எதையோ நினைத்தாள், நாளைக் காலை கோவில் ஆராதனைக்கு எந்தச் சேலை, நீலமா, நீலத்துக்கு ரவிக்கை தைத்து வந்ததா, மக்ரூன் துண்டின் மேல் மூக்கை வைத்தது, ரவிக்கையின் கை இறுக்கமாக இருக்கும், பிரித்துத்தான் தைக்க வேண்டும், மூக்கை எடுத்தது. தும்மியது. பின்னங்காலால் தட்டின் விளிம்பை மிதித்துக்கொண்டு தட்டைக் கடந்து போயிற்று, நடைபாதையில் விரித்த கடையை யாரும் கடந்து போகிற மாதிரி. சரி. பரவாயில்லை. இப்போதுதானே எழுந்தது. எழுந்ததும் யாருக்குத்தான் பசிக்கும். ஆனால் வெயில் சன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது, அறையின் எதிர்ச்சுவரில் அது ஏறியிருந்த உயரத்தை அவள் பார்க்காமல் பார்த்தாள். இந்நேரம் செங்கல்பட்டு தாண்டியிருப்பார்கள். கூண்டு காரின் பின்னிருக்கையில் இருக்கும், நல்லவர்களின் கூண்டு, உள்ளே மெத்தை போட்டிருப்பார்கள்.

மக்ரூன் கதவு மூலைக்குப் போயிருந்தது. அங்கே காலையில் அவள் கடைக்குக் கொண்டுபோன துணிப்பை கிடந்தது, துவைக்க வேண்டும் என்று போட்டது. பையென்றால் இவற்றுக்குப் பைத்தியம், எந்தப் பைக்குள்ளும் நுழைந்து மறுபக்கம் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தது. விளையாடட்டும், விளையாடினால் பசிக்கும், பசித்தால், என்று அவள் நினைப்பு மறுபடி ஏணியில் ஏறத் தொடங்கியது. பசித்தால் தட்டுக்கு வரும், வந்தால் ஒரு துண்டாவது, ஒரு துண்டு போதும், ஒரு துண்டு தின்றதை வைத்துக்கொண்டு அவள் மேனகாவிடம் பேசிவிடுவாள். என்ன பேசுவாள். ரொம்ப நன்றிங்க, ஆனா. வேண்டாம், நன்றியில் ஆரம்பித்தால் குழைந்துவிடும். இல்லைங்க என்று ஆரம்பிக்க வேண்டும். இல்லைங்க, அதுக இங்கயே. அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், இங்கயே இருக்கட்டும் என்று எப்படிச் சொல்ல, முதலில் உட்காருங்க என்று சொல்ல வேண்டும், அப்புறம் காப்பி, காப்பிக்குப் பிறகு இல்லைங்க. பைக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஆட்டச் சத்தம் இல்லை. சப், சப் என்று, இடைவிடாமல், குழந்தை விரல் சூப்புகிற மாதிரி. அவள் நாலு காலில் தவழ்ந்து போய்ப் பையின் வாயை விலக்கிப் பார்த்தாள். அடித்தையலில், துணி தடித்து இரண்டாக மடிந்த இடத்தை மக்ரூன் முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கடைவாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது, கண்ணை மூடிக்கொண்டு. துணி. துணி குடலுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும், மருத்துவர் முதல் நாளே சொன்னார், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தாள், விடவில்லை, இவ்வளவு நாளாக எதையுமே இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காத வாய். இழுத்த இடத்தில் ஈரம். துணியில் ஒரு கறை, உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாகி, நடுவில் இன்னும் சிவப்பு. கடையில் கொடுத்த கறுப்புக் கவர் ஓட்டையாக இருந்திருக்கிறது, ஒழுகி வந்திருக்கிறது, பேருந்தில் இதைத் தூக்கிக்கொண்டா வந்தேன், எத்தனை பேர் பார்த்தார்களோ, முகம் சுட்டது, சுட்டுக்கொண்டிருக்கும்போதே வேறு ஒன்று நடந்தது, அவளுக்குள்ளே எதுவோ தடுக்கி நின்றது. தன் விரலைப் பார்த்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். இரும்பு மாதிரி, கிணற்றுக் கயிறு மாதிரி, மழைக்கு முன்னால் தெருவில் கிளம்புகிற ஒன்று மாதிரி ஒரு வாடை. திரும்பித் தட்டைப் பார்த்தாள். சன்னலுக்குக் கீழே, மஞ்சளாக, சுத்தமாக, தண்ணீர் மாதிரி, ஒன்றுமே இல்லாமல். மூக்குதான் இதுக்கு எல்லாம். மசாலா கூடாது என்று மருத்துவர் சொன்னபோது அவள் தலையாட்டினாள், மஞ்சளை அவள் மசாலாவில் சேர்க்கவே இல்லை, யார் சேர்ப்பார்கள், மஞ்சள் கழுவுகிற சாமான். ஒவ்வொரு நாளும் கறியிலிருந்து கறியைக் கழுவிக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து வைத்து, தின்னு தின்னு என்று கெஞ்சியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. அழுகையும் பின்னாலேயே வந்தது, அதைப் பார்க்க நேரமில்லை, சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம். காலையில் சேர்த்து வாங்கிய, நாளைக்குக் குழம்பு வைக்கிற கறி. அம்மா.

பையைப் பிடுங்கி அலமாரி உச்சியில் எறிந்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவள் ஓடினாள், வீட்டுக்குள் ஓடிப் பழக்கமில்லாததால் சாப்பாட்டு மேசையின் முனை இடுப்பில் குத்தியது. அம்மா கழுவுதொட்டியில் சட்டியை வைத்து, ஒரு கையில் மஞ்சள் டப்பாவைத் திறந்து, கரண்டியால் அள்ளியிருந்தாள். "போடாதம்மா" என்று சொன்னது வெளியே பெரிய சத்தமாக வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு திரும்பி, "என்னட்டி, பாம்பக் கண்டியா" என்றாள். "கழுவாத. அதுல கொஞ்சம் எனக்கு வேணும், கழுவாம, அப்படியே." "களுவாமயா? கறிய எவளாது களுவாமத் திம்பாளா?" "எனக்கில்ல, மக்ரூனுக்கு." "அதுக்குத்தான் காலைலயே நீ பட்டுச்சேலைய அலசுற மாரி அலசி வச்சிருக்கியே." "அதாம்மா தப்பு. அதுல ஒண்ணுமே இல்ல. அதுக்கு அது கறின்னே தெரியல." அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள், கலைந்த தலை, கையில் சிவப்பு. "நாத்தம் எடுக்குமேட்டி." "நாத்தந்தான் வேணும்" என்றாள் வினோலியா. அம்மா குழாயை நிறுத்தினாள். "ஒன்னப் பெத்து வளத்ததுல இந்தச் சொல்ல ஒன் வாய்லருந்து இன்னைக்குத்தான் கேக்குதேன்" என்று சொல்லிக்கொண்டே மஞ்சளைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். சட்டியில் கையை விட்டுத் துழாவி, ஒரு ஈரல் துண்டையும் இறக்கையின் நுனியையும் எடுத்தாள், எடுத்ததைக் கிண்ணத்தில் போடாமல் ஒரு கணம் தூக்கிப் பிடித்திருந்தாள், நாடி பார்க்கிறவள் மாதிரி. "ஈரல மொதல்ல குடு, மெதுவா இருக்கும். எலும்பு பெறகு. தொண்டைல சிக்கிராம கூடவே இரி." அடியில் தேங்கியிருந்த இரத்தத்தையும் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் விட்டாள், குழம்பு ஊற்றுகிற அதே வளைவில். "அவுக வார நேரமாச்சே" என்றாள் பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. "தெரியும்" என்றாள் வினோலியா.

அறைக்குள் எதுவும் மாறியிருக்கவில்லை, அவளுக்குத்தான் அறை சின்னதாகவும் சத்தமாகவும் தெரிந்தது. தட்டு வேண்டாம். தட்டும் சோப்பில் கழுவியதுதான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் ஈரலை வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். இரத்தம் விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டுக்கு வந்து முழங்கையை நோக்கி ஒரு கோடு போட்டது, சில்லென்று, அவள் துடைக்கவில்லை. வாடை எழுந்து அவள் முகத்துக்கே வந்தது. சாளைக் குழம்பு கிடையாது, ஆனால் அதன் உறவு. எங்கேயோ பக்கத்து வீட்டில் ஒரு சன்னல் திறந்தது, அல்லது அவள் தலைக்குள் திறந்தது, அவள் கை மூக்குக்குப் போகவில்லை, போக முடியாது, வேலையாக இருந்தது. மக்ரூன் கட்டிலுக்கடியிலிருந்து தலையை நீட்டியது. தலை மட்டும். அப்புறம் கழுத்து நீண்டது, இவற்றின் கழுத்து எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, உடம்பு அங்கேயே இருக்க, மூக்கு அவளிடம் வந்தது. மூக்கின் நுனி ஈரலைத் தொட்டது, எடுக்கவில்லை. நாக்கு வந்தது. சின்ன, சொரசொரப்பான, சூடான நாக்கு, முதலில் ஈரலை, பிறகு அதைவிட அவள் விரலை, பிறகு மணிக்கட்டில் இறங்கிய கோட்டை, ஒரு சொட்டு விடாமல், வந்த வழியே திரும்பி வந்து மறுபடி ஈரலை. யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கவே இல்லை. கடித்தது. பிய்த்தது. தலையைத் தூக்கி, தொண்டைக்குள் இரண்டு முறை தள்ளி, விழுங்கியது. வினோலியாவின் வாயும் கூடவே விழுங்கியது. இன்னொரு கடி. அவள் சிரிப்பை அடக்கினாள், அடக்க அடக்க வயிற்றிலிருந்து ஏறி ஏறி வந்தது. ஈரல் தீர்ந்துபோனது, அப்படி ஒன்று இருந்ததற்கு உள்ளங்கையில் ஈரம் மட்டும். அது நிமிர்ந்து அவளைப் பார்த்தது. சுவரைப் பார்க்கிற பார்வை இல்லை, நேராக, எங்கே அடுத்தது என்று கேட்கிற பார்வை. இறக்கையின் நுனியை இரத்தத்தில் தோய்த்து நீட்டினாள். இது நடக்காது, இதற்கு இவ்வளவு சீக்கிரம் நடக்காது, ஈரலே போதும், இதை நக்கினால்கூடப் போதும். மக்ரூன் அதைக் குறுக்காகக் கவ்வியது, முன்னங்கால் இரண்டையும் அவள் உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டது, கடைவாய்க்குத் தள்ளி, கண்ணைச் சுருக்கி, கடித்தது. மடக். எலும்பு உடைந்த சத்தம். அந்தச் சத்தம் அவள் உள்ளங்கை வழியாகவே கையில் ஏறியது. மடக், மடக். கருப்பட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இது என்ன புதுச் சங்கதி என்று வந்து அவள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தது.

கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்து அம்மாவின் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே வினோலியாவின் கைப்பேசி, கூடத்தில் விட்டுவிட்டு வந்தது. "ஏற்காட்டு அம்மா பேசுதாவ" என்று உதட்டால் சொன்னாள். "கீழ கேட்டுக்கிட்ட வந்துட்டாவளாம். கூண்டு ஒண்ணு போதுமா, ரெண்டையும் தூக்கிட்டு வரணுமான்னு கேக்குதாவ." கைப்பேசியிலிருந்து மேனகாவின் நல்ல குரல் அறைக்குள் விழுந்தது. "வினோலியா? நாங்க கீழதான் இருக்கோம்மா. மேல வரட்டுமா?" மக்ரூன் கடிப்பதை நிறுத்தியது. காது இரண்டும் கதவுப் பக்கம் திரும்பின. வினோலியா அசையவில்லை, கையை அசைத்தால் போயிற்று. தயாரித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் அங்கே இல்லை, இல்லைங்கவும் இல்லை, நன்றியும் இல்லை, தொண்டையில் சரிங்கவின் ச என்ற எழுத்து மட்டும் தயாராக வந்து நின்றது, எத்தனையோ வருடமாக அங்கேயே நிற்கிற எழுத்து. அவள் வாயை மூடிக்கொண்டாள். நிற்கட்டும். மக்ரூன் காத்திருந்தது, அவளும் காத்திருந்தாள், கைப்பேசிக்குள்ளே யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள். பிறகு அது மறுபடி குனிந்தது. மடக். "போனக் கீழ வைம்மா, இது வாய்க்கிட்ட" என்றாள் வினோலியா மெல்ல. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மூட்டுவலியோடு தரையில் குந்தி, கையை நீட்டிக் கைப்பேசியை மக்ரூனின் தாடைக்குப் பக்கத்தில் பிடித்தாள். மடக், மடக், மடக், அப்புறம் சவைக்கிற சத்தம், மறுபடி மடக். பிறகு மேனகா கேட்டார், குரல் இறங்கியிருந்தது, தொட்டில் கட்டிய வீட்டில் பேசுகிறவர்கள் மாதிரி. "எலும்பா?"

"ஆமாங்க. ரெக்கை."

"யாரு, உடம்பு சரியில்லாததா?"

"மக்ரூன்தாங்க."

"எப்படிம்மா? அவ்வளவு நாள் மாட்டேன்னுச்சே."

"கழுவாமக் குடுத்தேன்" என்றாள் வினோலியா. அவ்வளவுதான் சொல்ல இருந்தது, அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பக்கம் மேனகா யாரிடமோ, கணவராக இருக்க வேண்டும், கைப்பேசியைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்வது கேட்டது, ஓர் ஆண் சிரிப்பு கேட்டது. "எலும்பைக் கடிச்சிட்டா அப்புறம் விடாது, தெரியும்ல. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க. அப்ப கூண்டை எடுக்கட்டுமா, வேண்டாமா?"

மக்ரூன் கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு, அவள் கட்டைவிரலை ஒருமுறை கடித்துப் பார்த்தது, இதுவும் உண்டா என்று. வலித்தது. வலி நன்றாக இருந்தது.

"வேண்டாங்க" என்றாள். குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது, மக்ரூன் பயப்படவில்லை. "நீங்க வாங்க. மூணாவது மாடி. வீடு கொஞ்சம் கவுச்சி அடிக்கும்."